லோடில் கறும்புகை, காலையில் வெள்ளைப்புகை: பம்பைக் கழற்றும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

மணலியிலிருந்து ஒரு லாரி உரிமையாளர் கேட்டிருக்கிறார்: "2007 மாடல் டாரஸ் வைத்திருக்கிறேன். ஆறு சிலிண்டர், டர்போ, பழைய இன்லைன் பம்ப். எண்ணூர் பக்கம் நிலக்கரி, சாம்பல் லோடு, சில நாள் துறைமுக லைன். லோடோடு மேம்பாலம் ஏறினால் கறும்புகை. காலையில் ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிஷம் வெள்ளைப்புகை. மைலேஜும் போய்விட்டது. போன வருஷம்தான் பம்ப் எலிமெண்ட் மாற்றினேன். மெக்கானிக் இப்போது பெரிய சைஸ் எலிமெண்ட் போடலாம் என்கிறார், இல்லையென்றால் புதுப்பேட்டையில் ஒரு பழைய பம்ப் இருக்கிறதாம். எலக்ட்ரிக் ஃபீட் பம்ப் போட்டால் சரியாகும் என்று இன்னொருவர் சொல்கிறார். அடுத்த மாதம் எஃப்.சி (தகுதிச் சான்று). என்ன செய்யலாம்?"

முதலில், பெரிய எலிமெண்ட் வேண்டவே வேண்டாம். எலிமெண்ட் என்பது டீசல் பம்புக்குள் இருக்கும் பிளஞ்சர்; டீசலை அழுத்தி, சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலுக்கு அனுப்புவது அதுதான். கறும்புகை என்றால் டீசல் முழுசாக எரியாமல் கரியாக வெளியே வருகிறது என்று அர்த்தம். உள்ளே போகிற டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது காற்று இருந்தும் டீசல் நுண்துளியாகச் சிதறாமல் சொட்டுகிறது, அல்லது நேரம் தவறி விழுகிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும் இன்னும் கொஞ்சம் டீசலை உள்ளே தள்ளினால் புகைதான் கூடும். கூடவே எக்ஸாஸ்ட் சூடு ஏறி பிஸ்டனும் டர்போவும் அடிவாங்கும்.

எலக்ட்ரிக் ஃபீட் பம்ப் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குக் கொடுக்கும் சின்ன பம்ப்தான் ஃபீட் பம்ப். இழுவை இல்லை, புகையும் இல்லை என்றால் டீசல் வரவில்லை. இழுவை இல்லை, ஆனால் கறும்புகை கக்குகிறது என்றால் டீசல் வந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் வண்டி இரண்டாவது வகை. அதற்கு ஃபீட் பம்பை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

காற்றிலிருந்து தொடங்குங்கள். எண்ணூர் ரோட்டில் நிலக்கரித் தூளும் அனல்மின் நிலையச் சாம்பலும் எவ்வளவு பறக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாம்பல் மாவைவிட நைஸ். நெடுஞ்சாலையில் ஓடும் லாரிக்குச் சொன்ன கிலோமீட்டர் கணக்கில் ஏர் ஃபில்டர் மாற்றினால் உங்கள் வண்டிக்குப் பத்தாது. வெளி ஃபில்டரை ஊதித்தான் ஆகவேண்டும் என்றால் காற்றழுத்தத்தைக் குறைத்து, உள்ளேயிருந்து வெளியே ஊதுங்கள். பஞ்சர் கடை ஏர் கன்னைப் பேப்பருக்கு நேராக வைத்து முழு பிரஷரில் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், அந்த வழியே போகிற சாம்பல் லைனரையும் ரிங்கையும் தின்றுவிடும், அப்புறம் பேக் கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குவது) என்று எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். உள்ளே இருக்கும் சின்ன சேஃப்டி ஃபில்டரை ஊதவே கூடாது, நேராகப் புதுசு மாற்றுங்கள். ஃபில்டர் டப்பாவின் அடியில் இருக்கும் ரப்பர் மூக்கை தினமும் ஒரு முறை அழுத்தித் தூசியைக் கொட்டச் சொல்லுங்கள். டிரைவருக்கு அரை நிமிஷ வேலை.

அடுத்தது, காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக, எஞ்சினுக்குள் விடும் மேனிஃபோல்டு வரை போகும் ஹோஸ்கள். நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, லோடில்தான் வாய் திறக்கும். கிளாம்பைச் சுற்றி எண்ணெய்க் கறை படிந்து அதில் தூசி ஒட்டியிருந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மேடேறும்போது 'உஸ்' என்று சத்தம் வருகிறதா என்று டிரைவரைக் கேளுங்கள், அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். எஞ்சின் ஆஃப் செய்து ஆறிய பிறகு டர்போ ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். இறக்கை ஹவுசிங்கில் உரசினால் டர்போ வேலை இருக்கிறது.

நிறைய பேர் கோட்டைவிடுவது எக்ஸாஸ்ட் பிரேக். சைலன்சர் பைப்பில் இருக்கும் அந்தத் தகடு கரி பிடித்துப் பாதி மூடிய நிலையிலேயே நின்றுவிட்டால் எஞ்சின் மூச்சு முட்டிக் கறும்புகை தள்ளும். பம்ப், நாசில் என்று எதை மாற்றினாலும் அது போகாது. அந்தத் தகட்டைத் திருப்பும் சின்ன காற்று சிலிண்டரின் லீவர் முழுசாகத் திரும்புகிறதா என்று பாருங்கள், காசு செலவில்லை. பிரேக் ஷூ பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்றும் வீல் டிரம்மைத் தொட்டுப் பாருங்கள். இழுக்க முடியாததை இழுத்தால் எந்த எஞ்சினும் புகைக்கத்தான் செய்யும். ஓவர்லோடும் அதே கதைதான்.

காற்று சரியாக இருக்கிறது என்றால் என்னுடைய அடுத்த சந்தேகம் டைமிங், அதாவது டீசல் விழும் நேரம். லோடில் கறுப்பு, காலையில் வெள்ளை, மைலேஜ் குறைவு, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், அதுவும் பம்பைக் கழற்றி மாட்டிய பிறகு வந்தால், டீசல் சற்றுத் தாமதமாக விழுகிறது என்றுதான் முதலில் நினைப்பேன். இந்தப் புகை பம்ப் வேலைக்கு முன்பே இருந்ததா, பிறகு தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள். பிறகுதான் என்றால் பம்பை எஞ்சினோடு இணைக்கும் கப்ளிங் போல்ட்டை இறுக்கும்போது மார்க் தப்பியிருக்கலாம். பம்பில் முதல் சிலிண்டருக்கான டெலிவரி வால்வைக் கழற்றி, வளைந்த பைப்பை மாட்டி, டீசல் சொட்டு நிற்கும் இடத்தை ஃப்ளைவீல் மார்க்கோடு ஒப்பிடும் ஸ்பில் டைமிங் முறைதான் இதற்குச் சரி. எத்தனை டிகிரி என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், தகட்டிலோ மேனுவலிலோ இருப்பதைத்தான் வைக்க வேண்டும். காதால் கேட்டு டைமிங் வைக்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் நாசில். துறைமுக லைனில் மணிக்கணக்காக ஐடிலில் நிற்கிற வண்டிக்கு இது சீக்கிரம் கெடும். எஞ்சின் போதிய சூட்டில் இல்லாததால் டீசல் முழுசாக எரியாது, நாசில் முனையில் கரி பிடிக்கும், ரிங் இடுக்கிலும் பிசின் போலப் படியும். வரிசை நகராது என்று தெரிந்தால் அணைத்துவிடச் சொல்லுங்கள். லோடு இழுத்து வந்த உடனே மட்டும் டர்போ ஆறுவதற்கு இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலில் விட்டு அணைத்தால் போதும்.

எந்த சிலிண்டர் சோம்பல் என்று கண்டுபிடிக்க, ஐடிலில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியதும் எஞ்சின் சத்தம் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது, மாறவே இல்லை என்றால் குறை அங்கேதான். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துணியால் மூடித் தளர்த்துங்கள், பீய்ச்சும் டீசலுக்கு நேராகக் கையை வைக்காதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போனால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விரலே போகக்கூடிய விஷயம். இந்தச் சோதனை உங்களைப் போன்ற பழைய இன்லைன் பம்ப் வண்டிக்கு மட்டும்தான். காமன் ரெயில் வண்டியில் பிரஷர் ஆயிரம் பாரையும் தாண்டும், அதில் ஓடும்போது எந்த நட்டிலும் கைவைக்கக் கூடாது.

நாசிலைக் கழற்றினால் ஆறையும் கழற்றி, எந்த பிரஷரில் திறக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த வகை எஞ்சின்களில் பெரும்பாலும் 200 முதல் 250 பாருக்குள் இருக்கும், சரியான எண் உங்கள் எஞ்சின் மேனுவலில் இருக்கும். ஆறும் ஒரே எண் பொறித்த நாசிலாக இருக்க வேண்டும். செம்பு வாஷர் புதுசாக ஒன்றே ஒன்று போடுங்கள். லீக் நிற்கவில்லை என்று இரண்டு போட்டால் நாசில் முனை மேலேறி டீசல் தப்பான இடத்தில் விழும்.

வெள்ளைப்புகைக்கு வருவோம். மார்கழி விடியலில்கூட நம் ஊரில் பத்து நிமிஷம் வெள்ளைப்புகை வரும் அளவுக்குக் குளிர் கிடையாது, அதனால் சீதோஷ்ணம் என்று விட்டுவிடாதீர்கள். மோந்து பாருங்கள். கண் எரியும் டீசல் வாடை என்றால் எரியாத டீசல்: டைமிங், சொட்டும் நாசில், குறைந்த கம்ப்ரஷன் இவற்றில் ஒன்று. இனிப்பு வாடை அடித்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் பக்கம் போக வேண்டும். இன்னொன்று, சூடாகிறது என்று யாராவது தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாமல் எஞ்சின் சூடேற ரொம்ப நேரம் பிடிக்கும், அதுவரை வெள்ளைப்புகையும் டீசல் வீணும்தான். சூடாவதற்கு ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் பாருங்கள், வால்வைத் திரும்பப் போடுங்கள்.

டீசலில் தண்ணீர் இருக்கிறதா என்பதும் முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மணலியில் நின்றபோது உங்கள் வண்டியும் அதில் நின்றிருந்தால், அதற்குப் பிறகு டேங்கைக் கழற்றிக் கழுவியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போதே செய்யுங்கள். கடற்காற்றில் டேங்க் உள்ளேயும் துருப்பிடிக்கும், அந்தத் துருவும் தண்ணீரும்தான் எலிமெண்டையும் நாசிலையும் அரிக்கிற முதல் எதிரி. புது எலிமெண்ட் ஒரு வருஷத்தில் போகிறது என்றால் காரணத்தை டேங்கில் தேட வேண்டும்.

ஃபீட் பம்ப் நல்லதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி: சுத்தமான டீசல் கேனை உயரத்தில் கட்டி, ஹோஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அப்போது இழுவை வந்தால் குறை டேங்க் ஸ்ட்ரெய்னரிலோ, உள்ளே உப்பிப்போன ஹோஸிலோ, அடைத்த டேங்க் மூடித் துளையிலோ இருக்கிறது. வரவில்லை என்றால் ஃபீட் பம்பின் வால்வு, பிளஞ்சர், பிறகு பம்பின் ரிட்டர்ன் வால்வு ஸ்பிரிங். அந்தச் சின்ன ரிட்டர்ன் வால்வு தளர்ந்தால் பம்புக்குள் டீசல் நிற்கும் கேலரியில் பிரஷர் நிற்காது, அதை மாற்றாமல் முழு பம்பையே பிரித்துவிடுகிறார்கள்.

இதைவிட அவசரமான ஒன்று: டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருக்கிறதா, டீசல் வாடை அடிக்கிறதா என்று இன்றே பாருங்கள். எஞ்சின் ஆயிலில் ஓடும் பம்பில் ஃபீட் பம்ப் சீலோ எலிமெண்டோ கசிந்தால் டீசல் ஆயிலில் கலக்கும். பேரிங் போவது ஒரு பக்கம். அந்த ஆயில் ஆவியை எஞ்சினே உறிஞ்சி, ஸ்டாப் இழுத்தாலும் நிற்காமல் எகிறிவிடும் ஆபத்தும் உண்டு. அப்படி எகிறினால் காற்று வரும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும், கையால் அல்ல.

இத்தனையும் பார்த்த பிறகும் புகை இருந்தால் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றுங்கள். ஆறு எலிமெண்டும் சமமாக ஊற்றுகிறதா, சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எந்தச் சுற்றில் டீசலை வெட்டுகிறது, டர்போ பிரஷருக்கு ஏற்ப டீசலைக் கூட்டும் டயாஃப்ரம் வேலை செய்கிறதா, மூன்றையும் எண்ணோடு எழுதி வாங்குங்கள். அதிகபட்ச டீசல் அளவை வைக்கும் ஃபுல் லோட் ஸ்க்ரூவின் சீல் உடைந்திருந்தால் யாரோ பவர் வேண்டுமென்று திருகியிருக்கிறார்கள். அதைக் கம்பெனி அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி சீல் வைக்கச் சொல்லுங்கள்.

புதுப்பேட்டை பம்பைப் பொறுத்தவரை தகட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள். பி.இ.எஸ் என்று தொடங்கும் எழுத்துக்குப் பின் வரும் 6 எலிமெண்ட் எண்ணிக்கை, அதன் பிறகு பம்ப் சைஸைக் குறிக்கும் எழுத்து, அடுத்து வரும் 90, 95, 120 போன்ற எண் பிளஞ்சர் விட்டம். 95 என்றால் 9.5 மில்லிமீட்டர். உங்கள் பம்பின் முழு எண்ணோடும் கவர்னர் எண்ணோடும் ஒத்துப்போக வேண்டும். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஜெனரேட்டர் பம்பின் கவர்னர் எஞ்சினை நிமிஷத்துக்கு 1500 சுற்றிலேயே நிறுத்தப் பழகியது, அதை ரோட்டு வண்டியில் மாட்டினால் ரொம்ப அவதி.

காசு செலவழிக்க ஆசை இருந்தால் ஃபீட் பம்புக்கு முன்னால் பெரிய வாட்டர் செபரேட்டர், டேங்கிலிருந்து பம்ப் வரை புது ஹோஸ், பழைய ரப்பர் ஓரிங் எல்லாம் புதுசு, ஏர் ஃபில்டர் அடைத்தால் சிவப்பு காட்டும் இண்டிகேட்டர், முடிந்தால் ஒரு எக்ஸாஸ்ட் வெப்பமானி. உண்மையான அப்கிரேட் என்றால் நான் இவற்றைத்தான் சொல்வேன்.

டீசலில் மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம். எலிமெண்டுக்கு மசகே அந்த டீசல்தான், மண்ணெண்ணெய் அதைக் குறைத்துவிடும். பழைய எஞ்சின் ஆயிலை டேங்கில் ஊற்றுவதும் கூடாது, அதிலுள்ள கரியும் உலோகத் தூளும் நேராக நாசிலுக்குப் போகும். சல்ஃபர் குறைந்த பி.எஸ் 6 (புகை மாசு விதி) டீசல் வந்ததால்தான் பழைய பம்ப் போகிறது என்றும் ஒரு பேச்சு உண்டு. மசகுத்தன்மைக்கு அந்த டீசலுக்கும் அளவு வைத்திருக்கிறார்கள், அதனால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் வருஷக்கணக்கில் உப்பியிருந்த ரப்பர் சீல்கள் சுருங்கிக் கசியலாம், ஓரிங் மாற்றச் சொன்னது அதற்காகவும்தான்.

எஃப்.சி விஷயம். பி.எஸ் 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அளவு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட்டுக்குள் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே டெஸ்டுக்குக் கொண்டுபோங்கள், குளிர்ந்த எஞ்சின் தேவையில்லாமல் அதிகம் காட்டும். டெஸ்டுக்காக ஸ்க்ரூவைக் குறைத்து, வெளியே வந்ததும் கூட்டும் வழக்கம் வேண்டாம். இந்த வாரம் ஃபில்டர், ஹோஸ், எக்ஸாஸ்ட் பிரேக், டிப் ஸ்டிக் நான்கையும் பாருங்கள், அடுத்த வாரம் டைமிங்கும் நாசிலும். எஃப்.சிக்குள் நேரம் போதும்.