வாசகர் கேள்வி: ஜாம்பி கதைக்கு என்ன ஆயுதம்?

கேள்வி: வேலூர்க் கோட்டையைக் களமாக்கி ஜாம்பி கதை எழுதுகிறேன். நாயகனுக்கு என்ன ஆயுதம், உடை தரலாம்?
- வாசகர், காட்பாடி

பதில்: துப்பாக்கி வேண்டாம். தோட்டா தீர்ந்துவிடும், சத்தமோ கூட்டத்தையே அழைத்துவரும். அரிவாள் எலும்பில் சிக்கும். கடப்பாரை பூட்டை நெம்ப அருமையான கருவி, ஆனால் பத்து முறை ஓங்கினால் தோள் செத்துவிடும். ஆறடி மூங்கில் கம்புதான் சரி. எட்ட நிறுத்தித் தள்ளலாம்.

உடை விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தாராளமாகக் கிடைக்கும் என்பதற்காக முழு அங்கி மாட்டிவிடாதீர்கள். மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். கடிபடும் முன்பே வெப்பத்தில் சுருண்டுவிடுவான். முன்கை, கெண்டைக்காலுக்கு மட்டும் தோலுறை போதும். முதுகில் 4 லிட்டர் தண்ணீர், அதாவது 4 கிலோ சுமை. அகழி நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க விடாதீர்கள்.