அடைத்த பல்லின் ஓரத்தில் மறுபடியும் சொத்தை: உங்கள் கேள்விக்கு

வணக்கம் சகோதரி. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பல் நிற ஃபில்லிங் வைத்தும் அதன் ஓரத்திலேயே இரண்டாம் முறை சொத்தை வந்ததாகவும், அடுத்து எதை வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள்.

அந்தப் பல் நிற ஃபில்லிங்கின் பெயர் காம்போசிட். அது நீல ஒளியில் இறுகும்போது சற்றே சுருங்கி, பல்லுக்கும் அதற்கும் நடுவே இடுக்கு விழலாம். அந்த இடுக்கில் கிருமி குடியேறும். இரண்டு பற்களுக்கு நடுவே, ஈறை ஒட்டிய ஓரம்தான் பெரும்பாலும் முதலில் கெடும். அங்கே பல்லின் வெளி ஓடான எனாமல் மெல்லியது, எச்சில் படாமல் வேலை செய்வதும் கடினம். உங்களுக்கும் அங்கேதான் என்றால் கிளாஸ் அயனோமர் என்ற இன்னொரு வகை அடைப்புப் பொருளைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அது பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டும், ஃப்ளோரைடைக் கசியவிடும், பேஸ்ட்டிலிருந்து மறுபடி உறிஞ்சியும் கொள்ளும். தேய்மானம் தாங்காது என்பதால் அடியில் அதையும் மேலே காம்போசிட்டையும் வைக்கும் சாண்ட்விச் முறை உண்டு. நானாக இருந்தால் அதைத்தான் கேட்பேன்.

ஆனால் ஒரு நாளில் ஐந்தாறு முறை சர்க்கரை போட்ட டீ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. சர்க்கரையிலிருந்து கிருமிகள் அமிலம் உண்டாக்கும்; அதனால் வாயில் பிஎச் (அமிலம் கூடினால் குறையும் அளவு) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் எனாமல் கரைகிறது. உமிழ்நீர் அதை ஈடுகட்ட நேரம் வேண்டும். தயவுசெய்து குறையுங்கள். ராத்திரி ஃப்ளோரைடு பேஸ்ட்டில் தேய்த்தபின் நுரையைத் துப்புங்கள், கொப்பளிக்க வேண்டாம். பல்லிடுக்கில் தினமும் ஃப்ளாஸ், அதாவது பல் இடுக்குக்கான நூல், போடுங்கள்.

பால் புரதமான கேசீன் கலந்த க்ரீமைக் கூடுதலாகப் பூசலாம், ஃப்ளோரைடுக்கு மாற்றல்ல. பால் ஒவ்வாமை இருந்தால் தொடாதீர்கள். குழி விழுந்துவிட்ட இடத்தை எந்த க்ரீமும் மூடாது.

பழைய அடைப்பை எடுப்பதற்கு முன் எக்ஸ்ரே பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்தில் வெறும் கறை என்றால் பாலிஷ் போட்டாலே போதும்.