பாரிஸில் சின்ன ஹோட்டலில் ரூம் போடுகிறவர்களுக்கு

கோடை விடுமுறைக்கு பாரிஸ் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. எல்லாமே பெரிய ஹோட்டலுக்குப் போக முடியாதவர்கள் கேட்டவை. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: நானும் கணவரும் ஜூன் மாதம் ஐந்து இரவு பாரிஸில் தங்கப் போகிறோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திர ஹோட்டல் ஒன்று பார்த்திருக்கிறோம். இரவுக்கு 95 யூரோ. அறை 10 சதுர மீட்டர் என்று போட்டிருக்கிறது. இந்தக் காசுக்கு நம்ம ஊரில் பெரிய நட்சத்திர ஹோட்டலிலேயே தங்கலாமே! ஏதாவது ஏமாற்று வேலையாக இருக்குமா? (வாசகி, கோவை)

பதில்: ஏமாற்று இல்லை. பிரான்சில் ஒரு நட்சத்திர, இரண்டு நட்சத்திர ஹோட்டல்களில் இருவர் தங்கும் அறை 9 சதுர மீட்டர் இருந்தாலே போதும் என்பதுதான் விதி. உங்களுடையது 10. நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 108 சதுர அடி, பத்துக்குப் பத்து அறையைவிடக் கொஞ்சம் பெரிது. பாத்ரூமும் அந்த 10 மீட்டருக்குள் அடங்குகிறதா என்று மட்டும் ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். அடங்கும் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்.

நான் முதல்முறை அப்படி ஓர் அறையில் தங்கியபோது பெட்டியைக் கட்டில்மேல் வைத்துத்தான் திறக்க முடிந்தது. ஒருவர் துணி எடுத்து முடிக்கும்வரை இன்னொருவர் ஜன்னலோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். இரண்டு பெரிய பெட்டிகள் கொண்டுபோவதாக இருந்தால் இப்போதே மனதை மாற்றிக்கொள்ளுங்கள். கட்டிலும் அப்படித்தான். அங்கே டபுள் பெட் என்றால் பல பழைய ஹோட்டல்களில் 140 சென்டிமீட்டர் அகலம், நாலரை அடிக்குச் சற்று மேல். நெருக்கமாகப் படுத்துப் பழக்கமில்லை என்றால் தனித்தனிக் கட்டில் கேட்டு வாங்குங்கள்.

நட்சத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது அறையின் அளவு, வரவேற்பில் எத்தனை மணி நேரம் ஆள் இருப்பார், என்னென்ன சேவை உண்டு என்பது போன்றவற்றைக் கணக்கெடுத்துக் கொடுப்பது. ஒருமுறை கொடுத்தால் ஐந்து வருடம் செல்லும். நாலு வருடத்துக்கு முன் பரிசோதித்துப் போன மெத்தை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதைக் கடைசி மூன்று மாதத்தில் தங்கியவர்களின் விமர்சனம்தான் சொல்லும். மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, புதிய விமர்சனங்களில் மோசமாக எழுதியவற்றை மட்டும் பத்து படியுங்கள். 'அறை சின்னது' என்று பத்துப் பேர் எழுதியிருந்தால் பரவாயில்லை, அது தெரிந்த கதை. 'வெந்நீர் வரவில்லை', 'பூட்டு சரியில்லை' என்று இரண்டு பேர் எழுதியிருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.

ஜூன் என்பதால் இன்னொரு விஷயம். இந்த விலையில் ஏசி இல்லாத ஹோட்டல்கள் நிறைய. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி வெயில் அடித்தது. வேலூர்க்காரர்களே மலைக்கும் வெயில்! பாரிஸின் பழைய கட்டடங்களுக்குப் பெரும்பாலும் துத்தநாகத் தகட்டுக் கூரை. அதற்கு நேர்கீழே இருக்கும் மேல்மாடி அறை வெயில் நாளில் கொதிக்கும். ஏசி இல்லையென்றால் கீழ்த் தளங்களில், தெருவைப் பார்க்காமல் உள்முற்றத்தைப் பார்த்த அறையாகக் கேளுங்கள். முற்றத்துப் பக்கம் வெளிச்சம் குறைவு. ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம், வண்டிச் சத்தம் வராது. லிஃப்ட் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். இல்லாத ஹோட்டல்கள் இன்னும் இருக்கின்றன.

கேள்வி: முன்பதிவுத் தளத்தில் 'பணம் திரும்பக் கிடைக்காது' என்ற கட்டணத்தில் எடுத்தால் கணிசமாகக் குறைகிறது. விசா இன்னும் வரவில்லை. ஐரோப்பாவில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று சட்டம் இருப்பதாக நண்பர் சொல்கிறார். அந்தத் தைரியத்தில் எடுக்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: வேண்டாம். உங்கள் நண்பர் சொல்வது பாதிதான் சரி. அந்த 14 நாள் உரிமை ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட தேதிக்கு எடுக்கும் ஹோட்டல் அறைக்கு அது பொருந்தாது என்று அதே சட்டம் விலக்கு வைத்திருக்கிறது. செருப்பு வாங்கினால் திருப்பி அனுப்பலாம், அறையை அப்படித் திருப்ப முடியாது.

பிரான்ஸ் போக நாம் எடுக்கும் ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வராது. அதோடு அறைக்காசும் போனால் ஒரு குடும்பத்துக்கு அது பெரிய அடி. விசா கையில் வரும்வரை ரத்து செய்யக்கூடிய கட்டணத்திலேயே எடுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. எந்தத் தேதி, எத்தனை மணிவரை ரத்து செய்யலாம் என்பதைக் குறித்து வையுங்கள். அது பாரிஸ் நேரம். கோடையில் நாம் அவர்களைவிட மூன்றரை மணி நேரம் முந்தி இருக்கிறோம். விசாவுக்காகப் பொய்யான முன்பதிவுத் தாள் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். தூதரகம் ஹோட்டலுக்கு போன் போட்டுக் கேட்டால் தீர்ந்தது.

ஹோட்டலிலேயே நேராகப் பேசி முன்பணம் அனுப்புவதாக இருந்தால் ஒரு நுணுக்கம் உண்டு. பிரெஞ்சுச் சட்டத்தில் முன்பணம் இரண்டு வகை. 'ஆர்' (arrhes) என்று எழுதியிருந்தால், நீங்கள் வராவிட்டால் அந்தப் பணம் மட்டும் போகும். ஹோட்டல் கைவிரித்தால் அவர்கள் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். 'அகோன்த்' (acompte) என்று எழுதியிருந்தால் முழு ஒப்பந்தம், மீதியையும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அனுப்பும் முன் இரண்டில் எது என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐந்து இரவுக்கும் முழுப் பணமும் இணையத்தில் கட்டியாயிற்று. இரண்டு நட்சத்திர ஹோட்டல்தான். போய் இறங்கியதும் கவுன்டரில் 48.75 யூரோ கூடுதலாகக் கேட்டார்கள். நாங்கள் இருவர், 15 வயது மகள். கட்டிவிட்டோம். நியாயமா? (வாசகர், சென்னை)

பதில்: பாதிக்கு மேல் நியாயம், கொஞ்சம் அநியாயம். அது நகரத்தின் தங்கல் வரி. ஓர் ஆளுக்கு, ஓர் இரவுக்கு என்று போடுவார்கள். 2024-இல் பாரிஸில் ஒரு நட்சத்திரத்துக்கு 2.60, இரண்டுக்கு 3.25, மூன்றுக்கு 5.20 யூரோ. பாரிஸ் வட்டாரப் போக்குவரத்துக்கென்று கூடுதல் வரி சேர்ந்ததால் அந்த வருடம் ஒரே தாவலில் ஏறியது. தளத்தில் கட்டிய தொகையில் இது சேர்ந்திருக்கலாம், சேராமலும் இருக்கலாம். முன்பதிவுத் தாளின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

ஆனால் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இந்த வரி கிடையாது. 3.25 யூரோவை இருவருக்கு ஐந்து இரவு என்று பெருக்கினால் 32.50 வருகிறது. உங்களிடம் மகளுக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். ரசீதையும் மகளின் பாஸ்போர்ட் பக்கத்தையும் இணைத்து 16.25 யூரோவைத் திருப்பக் கேட்டு எழுதுங்கள். சின்னத் தொகைதானே என்று விடாதீர்கள்.

இன்னொன்று. தளத்தில் காட்டும் விலையைவிட ஹோட்டல் தானே குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று முன்பதிவுத் தளங்கள் முன்பு கட்டுப்பாடு போட்டிருந்தன. பிரான்ஸ் 2015-இல் சட்டம் போட்டு அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே தளத்தில் ஹோட்டலைக் கண்டுபிடித்த பிறகு ஹோட்டலுக்கே எழுதி, 'நேரடியாக எடுத்தால் என்ன விலை?' என்று கேளுங்கள். விலை குறையாவிட்டாலும் காலை உணவைச் சேர்த்துத் தருகிறேன் என்பார்கள். கவுன்டரில் கார்டு தேய்க்கும்போது மெஷின் 'ரூபாயா, யூரோவா?' என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் போய்விடும்.

கேள்வி: அறையில் வைத்திருந்த லேப்டாப்பைக் காணோம். 'பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற போர்டைக் காட்டுகிறார்கள். மலிவு ஹோட்டலில் தங்கியதற்கு இதுதான் தண்டனையா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: இல்லை. அந்த போர்டுக்கு பிரான்சில் எந்த மதிப்பும் கிடையாது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1952 முதல் 1954 வரையிலான பிரிவுகள், விருந்தினர் கொண்டுவந்த பொருள் ஹோட்டலில் திருடு போனால் ஹோட்டல்காரர்தான் பொறுப்பு என்கின்றன. ஒரு நாள் அறை வாடகையின் நூறு மடங்குவரை. 90 யூரோ அறை என்றால் 9,000 யூரோ. வரவேற்பில் ஒப்படைத்து வைத்த பொருளுக்கு அந்த உச்சவரம்பும் இல்லை. ஒரு நட்சத்திர ஹோட்டலுக்கும் இதுதான், அரண்மனை ஹோட்டலுக்கும் இதுதான்.

பொருள் உங்களிடம் இருந்தது என்று காட்ட வேண்டியது உங்கள் வேலை. லேப்டாப் வாங்கிய பில்லைத் தேடி எடுங்கள். காணோம் என்று தெரிந்த அன்றே ஹோட்டலுக்கு எழுத்தில் தெரிவித்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்கியிருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். பயணக் காப்பீட்டுக்கும் அந்த நகல்தான் கேட்பார்கள். ஹோட்டல் எழுத்தில் மறுத்தால் அல்லது பதிலே போடாவிட்டால், நுகர்வோர் மத்தியஸ்தரிடம் போகலாம். ஒவ்வொரு ஹோட்டலும் தன் மத்தியஸ்தர் யார் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும், கட்டணமும் உங்களுக்குக் கிடையாது. ஏமாற்று நடக்கிறது என்று அரசுக்குத் தெரியப்படுத்த 'சிக்னல்கோன்சோ' என்ற அரசுத் தளமும் இருக்கிறது.

காலி செய்த பிறகு விமானத்துக்கு நேரம் இருக்கிறதென்று பெட்டியை வரவேற்பில் விட்டுப் போகிறவர்கள், ஒரு டோக்கன் கேட்டு வாங்குங்கள். டோக்கன் இல்லையென்றால் பெட்டியை அந்த இடத்தில் வைத்து ஒரு போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாரிஸில் மூட்டைப்பூச்சி என்று 2023-இல் பெரிதாகப் பேசினார்களே, இப்போதும் பயப்பட வேண்டுமா? (வாசகி, மதுரை)

பதில்: பயம் வேண்டாம், பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் படுங்கள். பிரான்சின் உணவு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அன்செஸ் வெளியிட்ட அறிக்கைப்படி, 2017 முதல் 2022 வரை அங்கே நூற்றுக்குப் பதினோரு வீடுகளில் மூட்டைப்பூச்சி வந்திருக்கிறது. அழுக்கு வீடு, ஏழை வீடு என்ற பேதம் அதற்கு இல்லை. பெட்டியிலும் துணியிலும் ஏறிப் பயணம் செய்கிற பூச்சி அது.

அறைக்குள் போனதும் பெட்டியைக் கட்டில்மேல் போடாதீர்கள். நேராக பாத்ரூம் தரையில், டைல்ஸ்மேல் வையுங்கள். விரிப்பின் நான்கு மூலைகளையும் தூக்கி, செல்போன் டார்ச்சை அடித்து மெத்தையின் ஓரத் தையலை விரலால் விரித்துப் பாருங்கள். பேனா முனையால் குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அதுதான் அடையாளம். பிறகு கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னால் பாருங்கள். எனக்கு ஒருமுறை மெத்தை சுத்தமாக இருந்தது, தலைப்பலகைக்கும் சுவருக்கும் நடுவேதான் புள்ளிகள் இருந்தன. போட்டோ எடுத்துக்கொண்டு இரவு பதினொரு மணிக்குக் கீழே இறங்கினேன். வரவேற்பில் இருந்த பையன் எதுவும் பேசாமல் வேறு சாவி கொடுத்தான். பக்கத்து அறை வேண்டாம், வேறு மாடியில் கொடு என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. நீங்கள் கேளுங்கள். சுவர் வழியாகப் பக்கத்து அறைக்கு அது போகும்.

ஊர் திரும்பியதும் சந்தேகம் இருந்தால் துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். பெட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாமல் மாடி வெயிலில் திறந்து போட்டு, தையல்களைத் தட்டிப் பாருங்கள்.

கேள்வி: காலை உணவுக்கு ஆளுக்கு 11 யூரோ கேட்கிறார்கள். நாங்கள் சைவம். எடுக்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: எடுக்க வேண்டாம். சின்ன ஹோட்டல்களில் அது பெரும்பாலும் ரொட்டி, குரோசான், வெண்ணெய், ஜாம், காபிதான். தெருமுனை பேக்கரியில் சுடச்சுட அதே குரோசான் மிகக் குறைந்த காசுக்குக் கிடைக்கும். அறையில் கெட்டில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், சமைக்கவும் விட மாட்டார்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். சாப்பாட்டுக் கடையிலும் ஜக்கில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசம்.

இட்லி, தோசை வேண்டுமென்றால் கார் து நோருக்குப் பின்னால் லா ஷபேல் மெட்ரோ நிலையத்தைச் சுற்றி நடந்தால் போதும். ஈழத்திலிருந்து வந்தவர்கள் நடத்தும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. போர்டெல்லாம் தமிழில். கொஞ்சம் வடக்கே பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோவில். அந்தப் பக்கம் ரூம் போட்டால் ஐந்து நாளும் சாப்பாட்டுக் கவலை இல்லை. ரயில் நிலையக் கூட்டத்தில் பர்ஸ் மட்டும் பத்திரம்.

நம்ம ஊர் ரெண்டு பின் சார்ஜர் அங்கே அப்படியே பொருந்தும், மூன்று பின் பொருந்தாது. அடாப்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டாய்லெட்டில் தண்ணீர்க் குழாய் இருக்காது, பேப்பர்தான். ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் பெட்டியில் இருக்கட்டும்.