விசுவாசியாக இருந்தும் மனதில் தெளிவு இல்லை, நம்பிக்கையும் இல்லை. இதற்காக எப்படி ஜெபிப்பது?

ஞானஸ்நானம் எடுத்துப் பல வருடமாகியும், வேதம் வாசித்தும் ஒன்றும் விளங்கவில்லை, என் விசுவாசத்தில்தான் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். குறை என்று நான் நினைக்கவில்லை. எபேசு சபையாருக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதிய எபேசியர் நிருபத்தின் முதல் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள்.

15-ஆம் வசனத்தில் பவுல் அந்தச் சபையாருடைய விசுவாசத்தையும் அன்பையும் கேள்விப்பட்டதாகச் சொல்கிறார், அதற்காக ஸ்தோத்திரமும் செய்கிறார். அப்புறம்தான் அவர்களுக்கு ஞானமும் தெளிவும் "பிரகாசமுள்ள மனக்கண்களும்" வேண்டும் என்று ஜெபிக்கிறார். ஏற்கெனவே விசுவாசித்தவர்களுக்கே இந்த ஜெபம் தேவைப்பட்டிருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் தேவைப்படுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எனக்கு இது புரிந்தது அப்பா பக்கவாதத்தில் விழுந்த வருடம். பேச்சு போய்விட்டது. தினமும் ராத்திரி நான் ஒரு பட்டியலை ஒப்பிப்பேன்: அப்பாவுக்குப் பேச்சு வரவேண்டும், ஆஸ்பத்திரிக் கடன் அடைய வேண்டும், தங்கை கல்யாணம் தள்ளிப்போகக் கூடாது. ஆமென் சொல்லி எழும்போது முன்பைவிட பாரமாக இருக்கும். ஒரு நாள் பெரியம்மா வந்து கட்டிலருகே முழங்கால் போட்டார். அப்பாவின் சுகத்துக்காக ஜெபித்துவிட்டு, என் தலையில் கைவைத்து, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் மனக்கண்ணைத் திறந்தருளும், நீர் அழைத்த அழைப்பின் நம்பிக்கை இன்னதென்று இவள் பார்க்கட்டும்" என்றார். அதுவரை அந்த வருடத்தில் எனக்காக யாரும் ஜெபித்ததாக எனக்கு நினைவில்லை. அழுதுவிட்டேன்.

நம்பிக்கை என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் குழப்புகிறது. நம் சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. கத்தோலிக்கர் கையில் இருக்கும் திருவிவிலியத்தில் விசுவாசம் வருகிற இடத்தில் 'நம்பிக்கை' இருக்கும். நாம் நம்பிக்கை என்பதை அவர்கள் 'எதிர்நோக்கு' என்பார்கள். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று மனதைத் தேற்றிக்கொள்வதைத்தான் நான் நம்பிக்கை என்று எண்ணியிருந்தேன். பவுல் அதைக் கிறிஸ்துவை மரித்தோரிலிருந்து எழுப்பிய வல்லமையோடு சேர்த்துச் சொல்கிறார் (20-ஆம் வசனம்). அப்பாவுக்குக் கடைசிவரை பேச்சு வரவில்லை. ஒன்றரை வருடத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது, பெரியம்மா எனக்காகக் கேட்டது எது என்று அன்றைக்கு விளங்கியது.

எபேசியருக்கு இதையெல்லாம் எழுதும்போது பவுல் காவலில் கட்டுண்டு இருந்தார். 6-ஆம் அதிகாரத்தில் சங்கிலியைப் பற்றிச் சொல்கிறவர், அங்கே தமக்காகக் கேட்பது சுவிசேஷத்தைத் தைரியமாய்ப் பேசும் வாக்கு மட்டுமே. அதற்காக நம் தேவைகளைக் கேட்கவே கூடாது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தம் உடன்வேலையாளான பிலேமோனுக்கு எழுதும்போது, உங்கள் ஜெபங்களால் வந்து சேருவேன், தங்க இடம் ஆயத்தப்படுத்து என்றும் இதே பவுல்தான் சொல்கிறார்.

நான் செய்வது இதுதான். 17 முதல் 19 வரையுள்ள வசனங்களைச் சத்தமாக வாசிப்பேன், 'உங்களுக்கு' என்று வரும் இடத்தில் ஒருவர் பெயரைச் சொல்வேன். முதலில் வேறொருவர் பெயர், பிறகு என் பெயர். ஜெபக்குறிப்புகள் அதற்கப்புறம். சில நாள் ஒன்றும் உணர மாட்டேன். சரி, மறுநாளும் அதே மூன்று வசனம்தான். முடிந்தால் சபையில் நம்பிக்கையான ஒருவரிடம், உங்கள் பெயரைச் சொல்லி இதே ஜெபத்தைச் செய்யச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. 'கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கு' என்று சொல்லி இன்றைக்கு வாசிக்கிறேன்.