மின்ட் மூடிய பிறகு வீட்டுக் கணக்குக்கு எந்தச் செயலி?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம், இருவருக்கும் வேலை. பல வருடமாக மின்ட் செயலியில் வரவு செலவு பார்த்து வந்தோம். அது மூடியதிலிருந்து ஒழுங்கான கணக்கே இல்லை. பழைய தரவு சிஎஸ்வி கோப்பாக, அதாவது எக்செலில் திறக்கும் பட்டியலாக, கணினியில் இருக்கிறது. மின்ட் மாதிரியே இலவசமாக, இந்தியக் கணக்குகளையும் சேர்த்துக் காட்டும் செயலி ஏதாவது உண்டா?

பதில்:

இல்லை. இலவசம், எல்லாக் கணக்கையும் தானாக இழுத்துக் காட்டுவது, இந்திய வங்கியும் சேர்ந்து தெரிவது, இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்காது. இதைத் தேடி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் அடித்துக்கொண்டது போதும். நீங்களாவது நேரத்தை மிச்சம் பண்ணுங்கள்.

முதலில் இலவசம் என்பதை விட்டுவிடலாம். மின்ட் இலவசமாக ஓடியது கிரெடிட் கார்டு கமிஷனில். 2007இல் வந்த செயலி, 2009இல் இன்ட்யூட் என்ற மென்பொருள் நிறுவனம் அதை 17 கோடி டாலருக்கு வாங்கியது. நம் செலவைப் பார்த்து "இந்தக் கார்டு எடுத்தால் உங்களுக்கு லாபம்" என்று காட்டும், நாம் எடுத்தால் அவர்களுக்குக் காசு. பிறகு 2020இல் அதே இன்ட்யூட், கிரெடிட் ஸ்கோர் காட்டும் கிரெடிட் கர்மாவையும் வாங்கியது. அதுவும் இதே வியாபாரம்தான், இன்னும் பெரிய அளவில். ஒரே வீட்டில் எதற்கு இரண்டு அடுப்பு என்று 2023 கடைசியில் அறிவித்துவிட்டு, 2024 மார்ச்சில் மின்ட்டை மூடினார்கள். எல்லோரும் கிரெடிட் கர்மாவுக்கு வாருங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் மொத்தச் சொத்து தெரிகிறது, செலவும் தெரிகிறது, ஆனால் மளிகைக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் போட்டு வைத்திருந்தோமே, அந்த பட்ஜெட் பக்கம் அப்போது அங்கே இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வங்கியிலிருந்து தரவை எடுத்துத் தருவது பெரும்பாலும் செயலிக்காரர்கள் கிடையாது. பிளேட், எம்எக்ஸ், ஃபினிசிட்டி என்று நடுவில் சில நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களுக்குச் செயலிக்காரர் பணம் கட்டியாக வேண்டும். அதனால் சந்தாவும் இல்லாமல், தானாகவும் இழுத்துத் தரும் செயலியைக் கண்டால் அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சரி, காசு கொடுத்து எதை வாங்குவது? மின்ட்டை எதற்காகத் திறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது இது. "மின்ட் மாதிரியே" என்று எல்லோரும் கேட்கிறோம், ஆனால் ஆளுக்கு ஆள் அதில் பார்த்தது வேறு. சிலர் வாரம் ஒருமுறை திறந்து எல்லாக் கார்டு பாக்கியையும் ஒரே திரையில் பார்த்துவிட்டு மூடுவார்கள். சிலருக்கு மொத்தச் சொத்தின் கோடு மேலே போகிறதா என்பது மட்டும்தான். பட்ஜெட்டை உண்மையாகவே பயன்படுத்தியவர்கள் குறைவு என்பது என் சந்தேகம்.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பார்ப்பதுதான் முக்கியம் என்றால் மோனார்க். தொடங்கியவர்களில் ஒருவர் மின்ட்டின் ஆரம்பக் குழுவில் இருந்தவர், அது திரையைப் பார்த்தாலே தெரியும். ஒரே சந்தாவில் இருவருக்கும் தனித்தனி லாகின். நீங்கள் ஒருத்தர் பாஸ்வேர்டை இன்னொருத்தருக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஆண்டுக்கு 100 டாலர் அளவில் ஆகும். உங்கள் கேள்வியை வைத்துப் பார்த்தால் உங்களுக்குப் பொருந்துவது இதுதான். ஆனால் ரூபாய் அதற்குத் தெரியாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மாதக் கடைசியில் பணம் எங்கே போனது என்றே தெரியவில்லை என்பவர்களுக்கு வைநாப். 2004இலிருந்து இருக்கிறது. மின்ட் நடந்து முடிந்த செலவைக் காட்டும். வைநாப் கையில் இருக்கும் ஒவ்வொரு டாலருக்கும் இப்போதே ஒரு வேலை சொல்லச் சொல்லும். மளிகைக்கு ஒதுக்கியது தீர்ந்தால் வெளியே சாப்பிட வைத்ததிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும். அம்மா அஞ்சறைப்பெட்டியில் தனித்தனியாகக் காசு போட்டு வைப்பார்களே, அதே கணக்கு. முதல் இரண்டு மாதம் எரிச்சலாக இருக்கும், பழகியவர்கள் விடமாட்டார்கள். 34 நாள் இலவசமாகப் பார்க்கலாம், ஒரு முழு மாதச் சுற்று அதிலேயே வந்துவிடும். தினம் பத்து நிமிடம் உட்கார மனமில்லாதவர்களுக்கு இது வேண்டாம். சந்தா கட்டிவிட்டுத் திறக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

சிம்ப்ளிஃபை, காப்பைலட், ராக்கெட் மணி எல்லாம் உண்டு, மோசமில்லை. ஐபோனும் மேக்கும் மட்டுமே புழங்கும் வீடு என்றால் காப்பைலட் பார்க்க அழகாக இருக்கும்.

நான் வைத்திருப்பது டில்லர். இது செயலியே இல்லை என்று சொல்லலாம். கூகுள் ஷீட்டிலோ எக்செலிலோ நம் வங்கி, கார்டு பரிவர்த்தனைகளை வரி வரியாகக் கொண்டுவந்து கொட்டும், அவ்வளவுதான். ஆண்டுக்கு 79 டாலர் சந்தா. போனில் பார்க்க அவ்வளவு வசதி இல்லை, என் மனைவி இன்னும் அதைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் நாளை அந்த நிறுவனம் கடையை மூடினாலும் ஷீட் என் கூகுள் கணக்கில் இருக்கும், அதன் சூத்திரங்களோடு. 2009இல் மைக்ரோசாஃப்ட் மணி விற்பனையை நிறுத்தியது, 2024இல் மின்ட். இந்தத் தொழிலில் கடைசிவரை ஓடும் என்று எதையும் நம்ப முடியாது.

கணினி வேலையில் இருப்பவராக இருந்தால் ஆக்சுவல் பட்ஜெட்டையும் பாருங்கள். அதுவும் ஒரு காலத்தில் சந்தா வாங்கிய செயலிதான். நடத்தியவர் 2022இல் நிரலைத் திறந்த மூலமாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி கொடுத்துவிட்டார், இப்போது தன்னார்வலர்கள் கவனிக்கிறார்கள். வீட்டுக் கணினியிலேயே ஓட்டலாம். வங்கி இணைப்புக்கு சிம்பிள்ஃபின் என்ற சேவை ஆண்டுக்கு 15 டாலருக்குக் கிடைக்கிறது. இலவசம் என்று நீங்கள் கேட்டதற்கு மிக அருகில் வருவது இதுதான், ஆனால் பழுது வந்தால் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி உங்கள் சிஎஸ்வி கோப்பு. திறந்து முதலில் மொத்தம் எத்தனை வரி என்று பாருங்கள். பத்தாயிரத்தை ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். மின்ட்டில் ஒருமுறைக்கு அவ்வளவுதான் இறக்க முடிந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கணக்கு வாரியாகப் பிரித்து எடுத்திருக்க வேண்டும். அப்படி விட்டுப்போயிருந்தால் அந்தத் தரவு இனி மின்ட்டிலிருந்து வராது, வங்கியின் பழைய ஸ்டேட்மென்ட்களில்தான் தேட வேண்டும்.

அடுத்து தொகை என்ற பத்தி, அதாவது காலம். அதில் மைனஸ் குறியே இருக்காது. சம்பளமும் ப்ளஸ், வாடகையும் ப்ளஸ். எது வரவு எது செலவு என்பது ஐந்தாவது பத்தியில் டெபிட், கிரெடிட் என்று தனியாக எழுதியிருக்கும். மின்ட் கோப்பு என்று சொல்லியே வாங்கிக்கொள்ளும் செயலிகள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். மற்ற இடத்தில் அப்படியே ஏற்றினால் நீங்கள் பெரிய பணக்காரராகத் தெரிவீர்கள். டெபிட் என்றிருந்தால் தொகையை மைனஸ் ஒன்றால் பெருக்கும் புதுப் பத்தி ஒன்றைப் போட்டுக்கொண்டு அதை ஏற்றுங்கள்.

என்னைக் கேட்டால் பழையதை முழுக்கப் புதுச் செயலியில் ஏற்றவே வேண்டாம். கடைசிப் பன்னிரண்டு மாதத்தை மட்டும் எக்செலில் பிவட் டேபிள் போட்டு, எந்த வகைக்கு மாதம் சராசரி எவ்வளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். புது பட்ஜெட்டுக்கு அது போதும். மற்றது கோப்பாகவே இருக்கட்டும். மின்ட்டின் வகைப் பெயர்களும் புதுச் செயலியின் பெயர்களும் பொருந்தாமல் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வாரக்கடைசி போய்விடும்.

நம் ஆட்களுக்கு எந்தச் செயலி எடுத்தாலும் இடறும் சில இடங்கள் உண்டு. ஊருக்கு அனுப்பும் பணம் அதில் முதலாவது. அப்பா அம்மா செலவுக்கு அனுப்புவது நிஜமான செலவு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான இந்திய வங்கிக் கணக்கான நம் சொந்த என்ஆர்இ கணக்கில் போடுவது பணத்தை இடம் மாற்றுவது மட்டும்தான். இரண்டையும் அனுப்பும் நிறுவனத்தின் பெயரில் ஒரே மாதிரி பார்க்கும் செயலி, இரண்டையும் டிரான்ஸ்ஃபர் என்று போட்டு பட்ஜெட்டிலிருந்தே மறைத்துவிடும். மாதம் 500 டாலர் வீட்டுக்கு அனுப்புகிறவரின் கணக்கில் அந்த 500 எங்கேயும் தெரியாது. இதற்கென்று ஒரு தனி வகை உருவாக்கிக்கொள்ளுங்கள். கார்டு பில் கட்டுவது இதற்கு நேர்மாறு. அது டிரான்ஸ்ஃபராகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் கார்டில் ஒருமுறை, செக்கிங் கணக்கில் ஒருமுறை என்று ஒரே செலவு இரண்டு தடவை விழும். வங்கியிலிருந்து நேராக ஆளுக்குப் பணம் அனுப்பும் ஜெல்லில் போவதெல்லாம் ஆள் பெயரோடு மட்டும் வரும். பிள்ளை பார்த்துக்கொள்பவருக்கா, தமிழ்ப் பள்ளிக் கட்டணமா, பொங்கல் விழாவுக்கு நம் பங்கா என்று எந்தச் செயலியாலும் கண்டுபிடிக்க முடியாது. அன்றைக்கே ஒரு குறிப்பு எழுதி வைப்பது தவிர வழியில்லை. காஸ்ட்கோ கடையின் ஒரே வரியில் அரிசியும் இருக்கும், டிவியும் இருக்கும், பிரித்துப் போடுங்கள்.

இப்போது ரூபாய்க்கு வருகிறேன். பிளேட் முதலான இணைப்புகள் இந்திய வங்கிக்குப் போகாது. இந்தியாவில் அதற்கு அக்கவுன்ட் அக்ரிகேட்டர் என்ற தனி ஏற்பாடு இருக்கிறது, அமெரிக்கச் செயலிகள் அதில் இல்லை. மோனார்க்கில் கையால் ஒரு கணக்கு தொடங்கி டாலராக மாற்றிய தொகையை அவ்வப்போது போட்டுக்கொள்ளலாம். பல நாணயங்களைத் தெரிந்த செயலி வேண்டுமென்றால் லஞ்ச் மணி. அதிலும் இந்தியக் கணக்கின் பரிவர்த்தனைகளை நாமேதான் ஏற்ற வேண்டும், ஆனால் ரூபாயாகவே போடலாம், மாற்றும் வேலை அதனுடையது. நான் ஷீட்டில் ஒரு தாளை இதற்கென்று வைத்திருக்கிறேன். கூகுள்ஃபைனான்ஸ் சூத்திரம் டாலர்–ரூபாய் விலையைத் தானாகக் கொண்டுவந்துவிடும்.

அந்தத் தாளுக்கு முக்கியமான காரணம் பட்ஜெட் கிடையாது, எஃப்பார், அதாவது வெளிநாட்டுக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் ஆண்டு அறிக்கை. இந்தியாவிலும் மற்ற வெளிநாடுகளிலும் உள்ள உங்கள் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் தாக்கல் செய்ய வேண்டும். ஃபிக்ஸட் டெபாசிட்டும் உண்டு, அம்மாவோடு சேர்த்து வைத்திருக்கும் ஜாயின்ட் கணக்கும் உண்டு. அதில் ஒவ்வொரு கணக்கிலும் வருடத்தில் இருந்த அதிகபட்சத் தொகையைக் கேட்பார்கள். டிசம்பர் 31 இருப்பை எழுதினால் சரிவராது. நடுவில் நிலம் விற்ற பணம் ஒரு வாரம் வந்து போயிருந்தாலும் அதுதான் அந்த வருடத்தின் அதிகபட்சம். டாலராக மாற்ற மட்டும் வருடக் கடைசி நாளுக்கு அமெரிக்கக் கருவூலம் தரும் விலை. அதனால் என் தாளில் ஒவ்வொரு இந்தியக் கணக்குக்கும் மாதம் ஒரு கட்டம், அந்த மாதத்தின் உச்சத் தொகை, ரூபாயிலேயே. கட்டணம் கட்டாமல் நின்றுபோன ஒரு இந்திய மொபைல் எண்ணால் ஓடிபி வராமல், ஏப்ரலில் பழைய ஸ்டேட்மென்ட் தேடி அலைவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒன்று, சந்தா கட்டும் முன்னால். இலவசக் காலத்தில் பெரிய வங்கியை இணைத்துப் பார்த்து திருப்தி அடைந்துவிடாதீர்கள், அது எதிலும் வேலை செய்யும். கூட்டுறவு வங்கி மாதிரியான சிறிய கிரெடிட் யூனியன், ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே, பிள்ளையின் படிப்புக்கான 529 கணக்கு, இவற்றை முதலில் இணையுங்கள். இணைக்கும்போது வங்கியின் சொந்தப் பக்கம் திறந்து அங்கே லாகின் கேட்டால் பாஸ்வேர்டு செயலிக்காரர் கைக்குப் போகாது, நல்லது. செயலியின் பெட்டியிலேயே பாஸ்வேர்டை அடிக்கச் சொன்னால் அந்தக் கணக்கைக் கையால் எழுதிக்கொள்வதா என்று யோசியுங்கள். நாலைந்து நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். இணைப்பு அறுந்து மறுபடி ஓடிபி கேட்டுக்கொண்டு நிற்கும் கணக்குகள் இரண்டுக்கு மேல் இருந்தால் அந்தச் செயலி உங்கள் வீட்டுக்கு ஆகாது, அடுத்ததைப் பாருங்கள்.