பல் முளைக்க வைக்கும் மருந்து வரும்வரை தருமபுரிக் கறைப்பல்லோடு காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். மேல் முன்பற்கள் நான்கிலும் சின்ன வயதிலிருந்தே பழுப்புக் கறை. ஜப்பானில் பல் முளைக்க வைக்கும் மருந்து வந்துவிட்டது, எனாமலையே வளர்க்கும் ஜெல் வந்துவிட்டது என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். இங்கே காட்டிய டாக்டர் நான்கு பல்லுக்கும் கேப் போடச் சொல்கிறார். தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். கேப் போடுவதா, மருந்துக்குக் காத்திருப்பதா? அண்ணி ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறார். பிறக்கப்போகும் குழந்தைக்கும் இப்படியே வருமா?

பதில்:

காத்திருக்க வேண்டாம். நான்கு பல்லையும் ராவிக் கேப் போடவும் இப்போதே சம்மதித்துவிட வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஓசூரில் ஒரு பல் லேபில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்து கேப், பிரிட்ஜ், பல்லின் முன்பக்கம் மட்டும் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீர் எல்லாம் செய்து கொடுப்பது எங்கள் வேலை. சொந்த ஊர் காரிமங்கலம் பக்கம். புளோரைடு என்ற உப்பு அதிகமுள்ள போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவன், கறைக்குக் காரணம் அதுதான். உங்களுக்கு இருக்கும் அதே கறை எனக்கும் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. உங்கள் வாயைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை நான் சொல்ல முடியும்.

ஜப்பான் செய்தி பொய் இல்லை. கியோட்டோவில் கட்சு தகாஹாஷி என்ற பல் மருத்துவ ஆராய்ச்சியாளரின் குழு பல வருடங்களாக இதில் உழைக்கிறது. நம் உடம்பில் யுசாக்-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. புதிதாகப் பல் முளைக்காமல் தடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. அந்தப் புரதத்தைக் கட்டிப்போடும் ஊசி மருந்து ஒன்றைச் செய்து, எலிக்கும் ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்குக்கும் கொடுத்தபோது பல் முளைத்தது. அந்த ஆய்வு 2021-இல் வெளியானது. 2024-இல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களுக்கு முதல் கட்டச் சோதனை தொடங்கியது. கடைவாய்ப் பல் ஒன்றாவது இல்லாத 30 ஆண்களுக்கு, மருந்து பாதுகாப்பானதா என்று மட்டும் பார்க்கும் சோதனை அது. அடுத்து அவர்கள் கொடுக்க நினைப்பது பிறவியிலேயே பல பற்கள் இல்லாத சின்னக் குழந்தைகளுக்கு. 2030 வாக்கில் மருந்தை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் குறி.

எனக்கு இந்த ஆராய்ச்சி மேல் பெரிய மரியாதை உண்டு. பல்லே முளைக்காத குழந்தைக்கு லேபில் நாங்கள் செய்து தரும் குட்டிப் பல்செட்டை வருடத்துக்கு வருடம் மாற்ற வேண்டியிருக்கும், தாடை வளர்ந்துகொண்டே போகும். அந்தக் குழந்தைக்குச் சொந்தப் பல் முளைத்தால் அதைவிட என்ன வேண்டும்? ஆனால் உங்கள் பிரச்சினை பல் இல்லாதது இல்லை. உங்களுக்குப் பல் இருக்கிறது, வேர் உறுதியாக இருக்கிறது. மேலே இருக்கும் எனாமல் மட்டும் உருவாகும்போதே சரியாக உருவாகவில்லை. அந்த ஊசி உங்கள் எனாமலைத் தொடாது.

எனாமல் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் இது புரியும். ஈறுக்குள்ளே பல் வளரும்போது ஒரு வகைச் செல்கள் முதலில் புரதத்தால் ஒரு சட்டம் கட்டுகின்றன. அப்புறம் அந்தப் புரதம் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றப்பட்டு, அந்த இடத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் போய் இறுகுகின்றன. முடிவில் எனாமலின் எடையில் 96 சதவீதம் தாதுதான். அந்த நேரத்தில் குழந்தை குடிக்கும் தண்ணீரில் புளோரைடு அதிகமாக இருந்தால் புரதம் நேரத்துக்கு அகலாது. தாது முழுதாக நிரம்பாமல் நுண்ணிய ஓட்டைகளோடு எனாமல் நின்றுவிடும். பல் வெளியே வரும்போது சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். அப்புறம் வருடக்கணக்கில் சாப்பாட்டிலும் தண்ணீரிலும் இருக்கும் நிறம் அந்த ஓட்டைகளில் ஏறிப் பழுப்பாகும்.

என் அம்மா, “மொளைக்கும்போது வெள்ளையாத்தான்டா இருந்துச்சு, நீ ஒழுங்கா வெளக்கல” என்று எப்போதும் சொல்வார். அவர் பார்த்தது உண்மை, காரணம்தான் வேறு. ஒன்பதாவது படிக்கும்போது அதை நம்பி ஒரு மாதம் செங்கல் பொடியால் தேய்த்தேன். ஈறில் ரத்தம் வந்தது, கறை அப்படியே இருந்தது. நம் பக்கத்தில் எத்தனை பிள்ளைகள் இதைச் செய்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. நீங்கள் பல் விளக்காததால் இது வரவில்லை.

எனாமல் செய்த செல்கள் பல் வெளியே வந்ததும் அழிந்துவிடுகின்றன. எலும்பு உடைந்தால் ஒட்டும், தோல் கிழிந்தால் மூடும், எனாமல் மட்டும் போனால் போனதுதான். அதனால்தான் எனாமலை வெளியிலிருந்து வளர்க்க உலகம் முழுக்க முயல்கிறார்கள். 2019-இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் ஒரு திரவத்தைப் பல் மேல் தடவி இரண்டு நாளில் சுமார் 2.7 மைக்ரோமீட்டர் எனாமல் வளர்த்தார்கள். நம் எனாமல் தடிமனான இடத்தில் 2.5 மில்லிமீட்டர், அதாவது அதைப்போல ஆயிரம் மடங்குக்குப் பக்கம். 2023-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து எனாமல் புரதம் சுரக்கும் செல்களையே உருவாக்கினார்கள். நீங்கள் பார்த்த ஜெல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் செய்தது, 2025 நவம்பரில் வெளியானது. ஒரு புரத ஜெல்லைத் தடவினால் அது எச்சிலில் இருக்கும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பிடித்து, இருக்கும் எனாமலின் படிக வரிசையிலேயே மேலே வளர்க்கிறது. அந்த ஆய்வில் அதைப் பிடுங்கிய மனிதப் பற்களில் சோதித்திருந்தார்கள். தேய்ந்துபோன பல்லுக்கும் கூச்சத்துக்கும் இது நல்ல வழியாக வரும் என்று நம்புகிறேன். ஆனால் நம் கறை எனாமலுக்கு உள்ளே இருக்கிறது. மேலே புதுப் படலம் வளர்வதால் உள்ளே ஏறிய பழுப்பு போகாது.

இனி கேப். முன்பல்லுக்குப் பீங்கான் கேப் போட வேண்டுமென்றால் சுற்றிலும் ஒன்றிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் ராவ வேண்டும், நுனியில் இன்னும் கொஞ்சம் கூட. எனாமலில் பெரும்பகுதி அத்தோடு போய்விடும். எனக்கு 22 வயதில் ஒரு கிளினிக்கில் ஒரு முன்பல்லை அப்படி ராவிக் கேப் போட்டார்கள். வேறு வழி உண்டு என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மூன்று வருடத்தில் அந்தப் பல்லுக்கு ரூட் கெனால் செய்ய வேண்டி வந்தது. கேப்பை இதுவரை இரண்டு முறை மாற்றியாயிற்று. இத்தனைக்கும் கேப் செய்வதுதான் என் பிழைப்பு. பல் உடைந்திருந்தால், பெரிய குழிகள் விழுந்து எனாமல் உதிர்ந்திருந்தால் கேப்பும் வெனீரும் அவசியம், அதில் சந்தேகமே இல்லை. வெறும் கறைக்கு, 24 வயதில், நான்கு நல்ல பற்களை ராவுவது கடைசி வழியாக இருக்க வேண்டும்.

லேபில் நிறம் பார்க்க எங்களிடம் 16 நிறங்கள் கொண்ட ஒரு ஷேடு கைடு இருக்கும். நம் பக்கத்துப் பல்லின் நிறம் அதில் எதிலும் வராது. விபத்தில் ஒரு பல் போன பெண் ஒருவருக்குக் கேப் செய்தபோது, பக்கத்துப் பல்லோடு சேர வேண்டுமென்று பீங்கானில் பழுப்புப் பட்டையை நானே தூரிகையால் தீட்டிச் சுட்டுக் கொடுத்தேன். அந்தக் கேப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு அவர் அழுததாக டாக்டர் சொன்னார். சந்தோஷத்தில் அழுதாராம், எது புதுப் பல் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லையாம்.

சரி, டாக்டரிடம் கேட்க வேண்டியவை. முதலில் மைக்ரோ அப்ரேஷன் செய்யலாமா என்று கேளுங்கள். அமிலமும் நுண்ணிய தூளும் கலந்த பசையால் எனாமலின் மிக மெல்லிய மேல் படலத்தை மட்டும் எடுப்பது அது. மேலோட்டமான பழுப்பு அதிலேயே நிறைய போகும். அடுத்து ப்ளீச்சிங். பழுப்பு வெளுக்கும், ஆனால் வெள்ளைத் திட்டுகள் அப்படியே இருக்கும், சில நாள் கூச்சமும் இருக்கும். அந்தத் திட்டுகளுக்குத்தான் ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் என்ற முறை. எனக்கு மிகவும் பிடித்தது இது. வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிகிறதே, அதே தத்துவம். ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டுவது ஒளிவிலகல் எண். எனாமலுக்கு அது 1.62. ஓட்டைகளில் இருக்கும் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. இந்த வித்தியாசத்தால் ஒளி சிதறி அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. வாயைத் திறந்து பல் காய்ந்ததும் திட்டு இன்னும் பளிச்சென்று தெரிவதை நீங்களே கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் மாதிரி ஓடும் ரெசின் என்ற செயற்கைப் பிசினை அந்த ஓட்டைகளுக்குள் இறக்கி ஒளியால் இறுக வைக்கிறார்கள். அதன் எண் 1.5-க்கு மேல், எனாமலுக்குப் பக்கத்தில். திட்டு சுற்றியுள்ள பல்லோடு கலந்துவிடுகிறது. ஊசி போடுவதில்லை, டிரில்லிங் கிடையாது. கறை ஆழமாக இருந்தால் முழுதாகப் போகாது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள். குழி இருக்கும் இடத்தில் மட்டும் காம்போசிட் என்ற பல் நிறப் பசை வைத்து நிரப்பலாம். எனக்கு மீதிப் பற்களுக்கு இப்படித்தான் செய்தார்கள். முழு வெள்ளை ஆகவில்லை, ஆனால் போட்டோவுக்கு வாயைத் திறந்து சிரிக்கிறேன்.

ப்ளீச்சிங் செய்தால் அதன் மேல் ரெசினோ காம்போசிட்டோ ஒட்ட ஓரிரு வாரம் விட வேண்டும். அதனால் தை மாதத்துக்கு வேண்டுமென்றால் இப்போதே போங்கள். அந்த டாக்டர் இதைச் செய்வதில்லை என்றால் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் காட்டுங்கள், செலவும் குறையும்.

இப்போது அண்ணியின் குழந்தை. உங்கள் கேள்வியில் இதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குழந்தைக்கு இது வரத்தான் வேண்டும் என்றில்லை. நிரந்தர முன்பற்களின் எனாமல் பிறந்த பிறகுதான் உருவாகத் தொடங்குகிறது. முதல் மூன்று வயது மிக முக்கியம், எட்டு வயது வரை கவனம் வேண்டும். அம்மா போர் தண்ணீரே குடித்தாலும் தாய்ப்பாலில் புளோரைடு மிகக் குறைவாகத்தான் வரும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் அந்தக் காலம் பத்திரம். பவுடர் பாலைப் போர் தண்ணீரில் கலந்தால்தான் ஆபத்து. அப்புறம் கேழ்வரகுக் கூழ், கஞ்சி, பருப்புத் தண்ணீர் எல்லாம் எந்தத் தண்ணீரில் வேகிறது என்று பார்க்க வேண்டும். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடும். ருசியை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் ஊர் போர் தண்ணீர் அவ்வளவு ருசியாக இருக்கும். நம் மாவட்டத்துப் பாறைகளில் இருக்கும் புளோரைடு, கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் அதிகம் கரைகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நம் இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 1 மில்லிகிராம். உங்கள் போரில் எவ்வளவு என்று குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம்.

தண்ணீரை மாற்றினால் பல் மாறும் என்பது, கறைக்குக் காரணம் புளோரைடு என்று தெரிவதற்கு முன்பே பார்த்த உண்மை. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற ஊருக்கு 1923-இல் ஃப்ரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் போனார். ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகளின் பல்லில் கறை வந்தது என்று பெற்றோர்கள் சொன்னார்கள். தண்ணீரைச் சோதித்தார், ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். சில வருடங்களில் சின்னப் பிள்ளைகளுக்குக் கறையில்லாத பல் முளைத்தது. காரணம் புளோரைடு என்று தெரிந்தது 1931-இல்.

நமக்கு அந்த வேறு ஊற்று ஒகேனக்கல். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்குமான அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ், அதாவது புளோரைடு மிகுந்து வரும் பாதிப்பு, என்ற சொல் உண்டு. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கி வைத்தார்கள். ஜப்பான் கொடுத்த கடனில் கட்டியது. ஜப்பானிலிருந்து நம் ஊர்ப் பல்லுக்கு ஏதாவது வருமா என்று கேட்டீர்கள். இதுதான் வந்தது.

என் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பையன் 2009-இல் பிறந்தவன், பெண் 2015. ஒரே வீடு, ஒரே சமையல், தண்ணீர்தான் வேறு. பையனுக்கு என் பல்லேதான். ஏழு வயதில் அவளுக்கு முன்பல் முளைத்தபோது அக்கா போன் போட்டு, “டேய், வெள்ளையா வருதுடா” என்றாள். முளைக்கும்போது எல்லோருக்கும் வெள்ளைதானே என்று நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருடம் ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அவளை வெயிலில் நிறுத்தி, பல்லைத் துடைத்துக் காய வைத்துப் பார்த்தேன். திட்டு இல்லை, பட்டை இல்லை. எங்கள் ஷேடு கைடில் ஏ1, நல்ல வெளிர் நிறம்.

ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளுக்கென்று அக்கா ஒரு குடத்தைத் தனியாக மூடி வைத்திருப்பாள், கழுத்தில் சிவப்புத் துணி கட்டி. பெரியவர்கள் யாரும் அதைத் தொடக் கூடாது. பாப்பா குடிக்கவும் அவளுக்குச் சமைக்கவும் மட்டும். அண்ணிக்குப் பிரசவம் ஆவதற்குள் உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு குடம் வாங்கி வையுங்கள். பிள்ளை பேஸ்ட் வைக்கும் வயது வந்ததும், மூன்று வயது வரை அரிசி அளவு போதும், அதை முழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.