இரண்டாவது கியர் தெறிக்கிறது, இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: “என்னிடம் இருப்பது 300 சிசி டூ-ஸ்ட்ரோக் எண்டியூரோ வண்டி. மீட்டரில் 120 மணி நேரம் ஆகிவிட்டது. மேடு ஏறும்போது இரண்டாவது கியர் திடீரென்று தெறித்து நியூட்ரலுக்குப் போய்விடுகிறது. வண்டி சூடானால் நின்ற இடத்தில் நியூட்ரலே கிடைப்பதில்லை. போன தடவை ஆயில் இறக்கியபோது டிரெய்ன் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருந்தது. கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டுமா?”

மூன்றையும் சேர்த்துப் படித்தால் கியர்பாக்ஸ் மொத்தமாகப் போய்விட்டது போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவை மூன்று தனித்தனி விஷயங்கள். அதில் ஒன்றுதான் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது.

முதலில் நியூட்ரல். வண்டி சூடாகி, நியூட்ரல் விழாமல் அடம்பிடிக்கும் அதே நேரத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு கியர் லிவரை லேசாகத் தட்டிப் பாருங்கள். உடனே விழுந்தால் கியர்பாக்ஸ் மேல் தப்பில்லை. கிளட்ச் முழுதாக விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் முதல் சந்தேகம் பைப்பில் காற்று. ப்ளீட் செய்வதற்கு, அதாவது அந்தக் காற்றை வெளியேற்றுவதற்கு முன்பு, கைப்பிடியில் கிளட்ச் லிவரோடு இருக்கும் சின்ன ஆயில் டப்பாவின் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். சில அமைப்புகளுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் 4 பிரேக் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். அதன் பிறகும் இழுத்தால் கிளட்ச் கவரைக் கழற்றி, கிளட்ச் பிளேட்டுகள் உட்காரும் கூடையான பாஸ்கெட்டின் விரல்களின் ஓரத்தில் நகத்தை மேலும் கீழும் ஓட்டுங்கள். பிளேட்டின் காதுகள் இடித்து இடித்து அங்கே படிக்கட்டு மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். நகம் தட்டுகிற ஒவ்வொரு படியிலும் ஒரு பிளேட் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். லேசான பள்ளத்தை அரத்தால் ராவிச் சமன் செய்யலாம், கொஞ்ச நாள் ஓடும். ஆழமாக இருந்தால் பாஸ்கெட்டை மாற்றுவதுதான் வழி. ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். நீலம் பாரித்தோ வளைந்தோ இருப்பது வேண்டாம். இழுக்கும் கிளட்ச்சோடு ஓட்டினால் ஒவ்வொரு கியர் மாற்றமும் உள்ளே ஒரு அடிதான். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சாம்பல் சேறு பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று கிரீஸ் மாதிரி இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். நெருநெருவென்று இருந்தாலோ, ஊசி போல நீளமான சில்லுகள் இருந்தாலோ கொஞ்சம் நில்லுங்கள். ஒரு பக்கம் பளபளவென்று தட்டையாக, மறுபக்கம் உடைந்த சர்க்கரைக் கட்டி போலச் சொரசொரப்பாக ஒரு துண்டு வந்தால், அது கடினப்படுத்திய எஃகு உடைந்த துண்டு. பெரும்பாலும் ஏதோ ஒரு கியரின் டாக் என்கிற பூட்டு முளையின் மூலையாகத்தான் இருக்கும். காந்தத்தில் ஒட்டாத வெள்ளைப் பொடி அலுமினியம், அது கிளட்ச் பாஸ்கெட்டிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சளாக மின்னினால் ஏதோ ஒரு வெண்கல புஷ் தேய்கிறது. இறக்கிய ஆயிலைப் பழைய துணியில் வடிகட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பாதி நோய் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இனி இரண்டாவது கியர். பல் தேய்ந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். கியர்களின் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியேதான் சுற்றுகின்றன, அவை அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. அடி வாங்குவது டாக். கியரின் பக்கவாட்டில் கட்டைகட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் சில முளைகள்தான் டாக். ஷிஃப்ட் ஃபோர்க் ஒரு கியரைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது, இவை எதிர்க் கியரின் குழிக்குள் போய் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். இந்த டாக்கின் பக்கங்கள் நேராக வெட்டப்படுவதில்லை. அடிப்பக்கம் சற்று உள்வாங்கிக் கொக்கி போலச் சரிந்திருக்கும். த்ராட்டில் திருகத் திருக இரண்டு கியரும் இன்னும் இறுக்கமாகக் கவ்விக்கொள்ளும். மூலை மழுங்கிவிட்டால் கதை தலைகீழாகிவிடும். த்ராட்டில் திருகத் திருக ஒன்றையொன்று வெளியே தள்ளும். நீங்கள் மேட்டில் அனுபவிப்பது இதுவாக இருக்கலாம்.

ஏன் இரண்டாவதிலேயே இந்தத் தொல்லை? முதல் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும் வழியில் நியூட்ரல் குறுக்கே நிற்கிறது. லிவரை அரைகுறையாகத் தூக்கினால் டாக் முழுதாக உட்காராமல் நுனியில் மட்டும் தொற்றிக்கொள்ளும். கனமான பூட்ஸ் போட்டு, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, கற்களுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு போகும்போது அரைகுறைத் தூக்கல் சகஜம். போதாததற்கு எண்டியூரோ கியர்பாக்ஸில் விகிதங்கள் மோட்டோகிராஸ் வண்டியைவிட அகலமாக வைக்கப்பட்டிருக்கும். ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் உள்ள சுழற்சி வேக வித்தியாசம் கூடும்போது டாக் மோதும் வேகமும் கூடுகிறது.

ஆனால் உடனே இன்ஜினைப் பிரிக்காதீர்கள். வருஷக்கணக்கில் இந்த வேலை பார்த்த நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். இதே புகாரோடு வந்த ஒரு வண்டியை முழுதாகப் பிரித்துப் பரப்பினேன். டாக் எல்லாம் புதுசு போல இருந்தது. கடைசியில் லிவரைத் திரும்ப மாட்டும்போதுதான் கவனித்தேன். எங்கோ பாறையில் இடித்து உள்பக்கமாக வளைந்து, மேலே தூக்கும்போது கவரில் முட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் எவ்வளவு தூக்கினாலும் இரண்டாவது பாதிதான் விழும். ஒரு வாரம் வீண்.

அதனால் வெளியிலிருந்து உள்ளே போங்கள். லிவர் வளைந்திருக்கிறதா, லிவர் ஷாஃப்ட்டில் மாட்டும் பல்வரியான ஸ்ப்ளைனில் ஆட்டம் இருக்கிறதா, உங்கள் பூட்ஸின் மூக்கு அடியில் தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். ஷிஃப்ட் ஷாஃப்ட்டே வளைந்திருந்தால் லிவர் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்குத் திரும்பாது, சீலிலும் ஆயில் கசியும். அப்புறம் கிளட்ச் பக்கத்துக் கவருக்குள், ஃபோர்க்குகளை நகர்த்தும் உருளையான ஷிஃப்ட் டிரம்மின் முனையில் நட்சத்திரம் போல ஒரு சக்கரம் இருக்கும். அதன் பள்ளங்களில் ஸ்பிரிங் பூட்டிய ஒரு ரோலர் விழுந்து நிற்கும். நட்சத்திரச் சக்கரத்தின் போல்ட் தளர்ந்தாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ டிரம் தன் இடத்தில் நிற்காது. இதைப் பார்க்க, பெரும்பாலான வண்டிகளில், இன்ஜினின் அடிக்கூடான கிரான்க் கேஸைப் பிரிக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஒரு சோதனை. சமமான, ஆள் இல்லாத இடத்தில் இரண்டாவது கியரைத் திடமாகப் போட்டு, காலை லிவரிலிருந்து எடுத்துவிட்டு, குறைந்த வேகத்திலிருந்து த்ராட்டிலைத் திருகுங்கள், பிறகு சட்டென்று மூடுங்கள். சில தடவை செய்யுங்கள். இழுக்கும்போது மட்டும் தெறித்தால் டாக்கின் ஒரு பக்கம் போயிருக்கிறது, மூடும்போது மட்டும் தெறித்தால் மறுபக்கம். திடமாகப் போட்டும் தெறித்தால் சந்தேகமே இல்லை, கேஸைப் பிரிக்க வேண்டியதுதான். அதுவரை ஓட்டாதீர்கள். உடைந்த டாக் துண்டு இரண்டு கியர்ப் பற்களுக்கு நடுவே விழுந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், கேஸே பிளந்த வண்டிகளும் உண்டு.

நண்பர் சொன்ன கெட்டி ஆயில் வேண்டாம். மழுங்கிய மூலையை எந்த ஆயிலும் கூர்மையாக்காது. இழுக்கும் கிளட்ச்சை இன்னும் இழுக்கத்தான் வைக்கும். கையேட்டில் சொன்ன தடிமனில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் நனையும் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜப்பானியத் தரக் குறியீடு) என்று அச்சடித்த ஆயிலை ஊற்றுங்கள். கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும், கிளட்ச் வழுக்கும். சிலர் கியர்பாக்ஸ்தானே என்று ஜிஎல்-5 கியர் ஆயிலை ஊற்றுகிறார்கள். அது கார் டிஃபரன்ஷியலுக்கானது, ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச்சை மனதில் வைத்துச் செய்ததல்ல. எண்ணைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். கியர் ஆயிலில் 75டபிள்யூ-90 என்பது இன்ஜின் ஆயில் கணக்கில் கிட்டத்தட்ட 10டபிள்யூ-40 தடிமன்தான்.

டூ-ஸ்ட்ரோக்கில் இந்த ஆயில் எரிவதில்லையே, ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பார்கள். கியர்ப் பற்கள் ஆயிலை நசுக்கி நசுக்கி மெலிதாக்கிவிடுகின்றன, கிளட்ச் தூளும் சேர்ந்துகொள்கிறது. மொத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவு என்பதால் சீக்கிரம் களைத்துவிடும். சேற்றில் அதிகம் ஓட்டுபவர் 10 முதல் 15 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடலாம் என்பது என் கணக்கு. ஆயில் பால் போல வெளுத்து வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், ரேடியேட்டரையும் திறந்து பாருங்கள். கூலண்ட் குறைந்திருந்தால் வாட்டர் பம்ப் சீல் போய்விட்டது. குறையவில்லை என்றால், ஓடையைக் கடக்கும்போது சூடான இன்ஜின் குளிர்ந்து கியர்பாக்ஸ் காற்று விடும் ப்ரீதர் குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சியிருக்கும். குழாயின் முனையை உயரமாகக் கட்டினால் போதும். பால் எதுவும் இல்லாமல் ஆயில் அளவு மட்டும் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை கூடினால், கிளட்ச் பக்க கிரான்க் சீலைச் சந்தேகியுங்கள்.

செயினையும் பாருங்கள். ஸ்டாண்டில் நிற்கும்போது அழகாக இறுக்கி வைத்த செயின், பின்சக்கரம் மேலே ஏறும்போது வில்நாண் மாதிரி விறைத்து, முன் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட்டின் பேரிங்கை இழுத்துக் கெடுக்கும். ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிக இறுக்கம். அந்த நிலையிலும் கொஞ்சம் தொய்வு மிச்சமிருக்க வேண்டும்.

கடைசியில் கேஸைப் பிரிக்க நேர்ந்தால், 120 மணி நேரத்தில் கிரான்க் பேரிங், சீல்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். அதற்காக இன்னொரு தடவை பிரிக்க வேண்டாம். தேய்ந்த கியரை மட்டும் மாற்றாதீர்கள். அது கவ்விக்கொள்ளும் எதிர்க் கியரும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். ஷிஃப்ட் ஃபோர்க் நுனியில் நீலம் தெரிந்தால் அதையும் மாற்றுங்கள், தெறித்த கியரை இத்தனை நாள் பிடித்து நின்றது அதுதான். எல்லாவற்றையும் கோத்த பிறகு, கிளட்ச் கவரை மூடுவதற்கு முன்பு ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே ஆறு கியரையும் மேலும் கீழும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ‘டக்’ என்று விழுந்த பிறகு கவரை மூடுங்கள்.